கட்டுரைப் பரிந்துரை மின்னஞ்சலை யாரும் திறப்பதில்லை. மாதிரியை மாற்ற வேண்டுமா?

மின்கலன் (கேள்வி)

வணக்கம். திடநிலை லித்தியம் மின்கலங்களில் வேலை செய்யும் ஓர் ஆய்வுக்குழுவில் முனைவர் பட்ட மேலாய்வாளராக இருக்கிறேன். புதிதாக வருவதைப் படித்து மாளவில்லை என்று குழுவில் எல்லோரும் புலம்பியதால் நானே ஒரு நிரல் எழுதினேன். ஆர்க்கைவ், கெம்ஆர்க்கைவ் என்ற முன்னச்சுத் தளங்களில் (இதழில் வருமுன்பே கட்டுரைகளை வெளியிடும் இடங்கள்) அன்றன்று வருவதையும், எங்கள் துறை இதழ்களில் வெளியாவதை கிராஸ்ரெஃப் என்ற கட்டுரை விவரத் தரவுத்தளம் வழியாகவும் அது எடுத்துக்கொள்ளும். ஒவ்வொருவரும் சோட்டெரோ என்ற மேற்கோள் மேலாண்மை மென்பொருளில் சேர்த்து வைத்துள்ள கட்டுரைகளின் தலைப்பையும் சுருக்கத்தையும் ஸ்பெக்டர் என்ற மொழி மாதிரியைக் கொண்டு வெக்டர்களாக்கி (பொருள் நெருங்கினால் தாமும் நெருங்கி நிற்கும் எண் வரிசைகள்), சராசரி எடுத்து, அந்தச் சராசரிக்கு மிக நெருக்கமான 20 புதிய கட்டுரைகளைத் தினமும் காலையில் மின்னஞ்சலில் அனுப்பும்.

தொடக்கத்தில் ஆகா ஓகோ என்றார்கள். இப்போது யாரும் திறப்பதில்லை. சக ஆய்வாளர் ஒருவர் அந்த மின்னஞ்சல் நேராக ஒரு தனிக் கோப்புறைக்குள் போய் விழும்படி அமைத்துவிட்டார். வருபவை பொருத்தமற்றவையும் அல்ல. எல்லாமே எங்கள் துறைதான். ஆனால் கேட்டால் "தெரிந்ததுதான்" என்கிறார்கள், அல்லது "இது எனக்கு எதற்கு?" என்கிறார்கள். இன்னொரு பக்கம், பீங்கான்களில் விரிசல் எப்படி வளர்கிறது என்பது பற்றி வந்த ஒரு கட்டுரை எங்களுக்கு நேரடியாகத் தேவைப்பட்டது. அது எங்கள் கண்ணில் படவே இல்லை. எங்கள் கையெழுத்துப் படியை மதிப்பிட்டவர் சுட்டிக்காட்டித்தான் தெரிந்தது.

வேறு மாதிரிக்கு மாறலாமா? பெரிய மொழி மாதிரி ஒன்றிடமே தேர்வை ஒப்படைக்கலாமா? அல்லது இந்த வேலையே வீண்தானா?

நுண்ணுயிர்

நிரலே வேண்டாம் என்பது என் கட்சி. நான் பப்மெட் என்ற மருத்துவக் கட்டுரைத் தரவுத்தளத்தில் ஒரு தேடல் கோவையை ஒழுங்காக எழுதிச் சேமித்து வைத்திருக்கிறேன். பொருந்துவது எல்லாம் மின்னஞ்சலில் வந்துவிடுகிறது. மெஷ் சொற்கள் (கட்டுரைகளுக்கு இடப்படும் பொதுவான பொருட்சொற்கள்) இருப்பதால், ஆசிரியர் எந்தப் பெயரைச் சொல்லி எழுதினாலும் பெரும்பாலும் சிக்கிவிடும். எது வந்தது, ஏன் வந்தது என்று எனக்குத் தெரியும். உங்கள் வெக்டர் எதைத் தவறவிட்டது என்று உங்களால் சொல்ல முடியுமா? முறைசார் மீளாய்வு செய்கிறவர்கள் இன்றைக்கும் பூலியன் தேடலைத்தான் (சொற்களை AND, OR போட்டு இணைக்கும் தேடல்) நம்புகிறார்கள். மிச்சத்துக்கு, எங்கள் அடிப்படைக் கட்டுரைகளை யார் மேற்கோள் காட்டினாலும் கூகுள் ஸ்காலர் எனக்குச் சொல்லிவிடும். போதும்.

பட்டியல்காரி

மின்கலன், மாதிரியில் கைவைக்க வேண்டாம். கோளாறு அங்கே இல்லை. நீங்கள் ஆட்களுக்குப் பரிந்துரைக்கிறீர்கள். கேள்விகளுக்குப் பரிந்துரைக்க வேண்டும்.

ஒருவரின் சோட்டெரோ சேகரிப்பு என்பது அவருடைய கடந்த காலம். முனைவர் பட்டத்துக்காகத் திரட்டியது, யாரோ அனுப்பினார்களே என்று மரியாதைக்குச் சேமித்தது, ஒரே ஒரு வரைபடத்துக்காக இறக்கியது எல்லாம் அதில் கிடக்கும். அதற்குச் சராசரி வேறு எடுக்கிறீர்கள். சல்பைடு மின்பகுபொருள் பற்றிப் பாதி, கார்னெட் என்ற பீங்கான் மின்பகுபொருள் பற்றிப் பாதி வைத்திருப்பவரின் சராசரி வெக்டர் இரண்டிலும் நிற்காது. நடுவில், "திடநிலை மின்கலங்கள் எதிர்காலத்தில்" என்கிற பொதுப்பேச்சுப் பகுதியில் போய் நிற்கும். அந்த இடத்துக்கு நெருக்கமானவை எவை? மீளாய்வுக் கட்டுரைகளும், ஏற்கெனவே தெரிந்ததை அரை அடி நகர்த்திய கட்டுரைகளும்தான். "தெரிந்ததுதான்" என்று உங்கள் குழுவினர் சொன்னது குறைகூறல் இல்லை. உங்கள் நிரல் எங்கே நிற்கிறது என்பதை மிகச் சரியாக அளந்து சொல்லியிருக்கிறார்கள்.

நான் ஓர் ஆய்வுக்கூடத்தில் தகவல் அலுவலராக இருந்து ஓய்வு பெற்றவள். இந்த வேலைக்கு எங்கள் காலத்தில் எஸ்.டி.ஐ. என்று பெயர், தேர்ந்தெடுத்து வழங்கும் தகவல் சேவை. ஐ.பி.எம். நிறுவனத்தில் இருந்த ஹான்ஸ் பீட்டர் லூன் 1958-இலேயே இதன் வரைவை எழுதி வெளியிட்டார். ஒவ்வொருவருக்கும் ஒரு புரொஃபைல் (அவருக்கு வேண்டியது என்ன என்ற குறிப்பு), உள்ளே வரும் ஒவ்வோர் ஆவணத்தையும் அதனோடு இயந்திரம் ஒப்பிட வேண்டும், பொருந்தினால் உரியவருக்குப் போக வேண்டும். 1965-இல் யூஜீன் கார்ஃபீல்டின் நிறுவனம் வாராந்தர எச்சரிக்கைச் சேவை ஒன்றைத் தொடங்கியது. அதில், "இந்தப் பழைய கட்டுரையை யாராவது மேற்கோள் காட்டினால் எனக்குச் சொல்" என்று பதிவு செய்யலாம். நுண்ணுயிர் இப்போது மகிழ்ச்சியாகப் பயன்படுத்துவது அதே யோசனையைத்தான். இப்போதுதான் பிறந்த அற்புதம்போல இதைப் பேசுகிறவர்களைக் கண்டால் எனக்குச் சற்றே எரிச்சல் வரும், மன்னிக்கவும்.

அந்தச் சேவையில் கணினியின் பங்கு சிறியது. நேர்காணல்தான் பெரிய வேலை. ஆய்வாளரின் எதிரே உட்கார்ந்து "உங்கள் துறை என்ன?" என்று கேட்கவே கூடாது. கேட்டால் நிதி விண்ணப்பத்தின் முதல் பத்தியை ஒப்பித்துவிடுவார். "இப்போது எந்தச் சோதனை கைகூடாமல் நிற்கிறது? எந்த முடிவு நாளைக்கு வெளியானால் நீங்கள் செய்துகொண்டிருப்பதை நிறுத்திவிடுவீர்கள்?" என்று கேட்பேன். பதில் இரண்டு மூன்று வரிதான் வரும். அந்த வரிகள்தான் புரொஃபைல். ஒரே ஆளுக்கு இரண்டு கேள்வி இருந்தால் இரண்டு புரொஃபைல், தனித்தனியாக. கலக்கவே மாட்டோம்.

அதோடு, வேண்டாதவற்றையும் எழுதி வாங்குவேன். "பாலிமர் மின்பகுபொருள் வேண்டாம். சோதனை இல்லாமல் கணிப்பு மட்டும் உள்ளவை வேண்டாம்" என்கிற மாதிரி ஒரு வரி, வேண்டியவற்றைப் பற்றிய பத்து வரிகளைவிட அதிகமாக உழைக்கும். உங்கள் நிரலில் வேண்டாம் என்று சொல்லவே வழியில்லை என்பதைக் கவனித்தீர்களா? கோப்புறைக்குள் தள்ளியவர் தனக்குத் தெரிந்த ஒரே வழியில் சொல்லிவிட்டார்.

கேள்விக்கு ஆயுளும் உண்டு. கட்டுரை அச்சேறியதும், அல்லது அந்த வழி அடைபட்டுப் போனதும், புரொஃபைலை எடுத்துவிட வேண்டும். உங்களிடம் எல்லாம் சேர்ந்துகொண்டே போகிறது.

அடுத்து, ஏன் 20? ஆர்க்கைவுக்கு மட்டும் மாதந்தோறும் 20,000-க்கு மேல் கட்டுரைகள் வருவதால் எப்போதும் ஏதோ 20 நெருக்கமாகத்தான் இருக்கும். உருப்படியாக ஒன்றும் வராத நாளிலும் உங்கள் நிரல் 20 அனுப்பும். வாசகர் இதை வெகு சீக்கிரம் கண்டுபிடித்துவிடுவார்; அதன் பிறகு உண்மையிலேயே நல்லது வந்த நாளிலும் திறக்க மாட்டார். எண்ணிக்கையை விடுங்கள், ஒரு வரம்பை வையுங்கள். வாரம் ஒரு முறை, கேள்விக்கு அதிகபட்சம் ஐந்து. வரம்பைத் தாண்டி ஒன்றும் இல்லையென்றால் "இந்த வாரம் உங்கள் கேள்விக்கு எதுவும் வரவில்லை" என்று அனுப்புங்கள். அந்த வெறும் மின்னஞ்சலுக்குப் பிறகுதான் உங்கள் பட்டியலை நம்பத் தொடங்குவார்கள்.

நுண்ணுயிர் சொல்வது அவர் துறைக்குச் சரி. மெஷ் 1960-இலிருந்து பராமரிக்கப்பட்டுவரும் சொற்களஞ்சியம். மின்கலக்காரர்களிடம் அப்படி ஒன்று இல்லை. ஒரே பொருளை ஒருவர் திட மின்பகுபொருள் என்பார், இன்னொருவர் அதிஅயனிக் கடத்தி என்பார், மூன்றாமவர் வேக அயனிக் கடத்தி என்பார். இத்தனை பெயருக்கும் பூலியன் கோவை எழுதினால் கோவையைப் பராமரிக்கவே ஓர் ஆள் வேண்டும்.

விரிசல் கட்டுரை தனிக் கதை. அதைப் பிறகு எழுதுகிறேன்.

நிரலன்

பட்டியல்காரி அம்மா சொன்னதை நிரலாக எழுதுவது கடினமில்லை. கேள்விக்கு ஒன்றாக ஒரு சிறிய வகைப்படுத்தி போதும். செயற்கை நுண்ணறிவு ஆய்வாளர் ஆந்த்ரே கார்பதி தன் ஆர்க்கைவ்-சானிட்டி தளத்தில் செய்தது இதுதான்: சுருக்கங்களின் டிஎஃப்-ஐடிஎஃப் மதிப்புகள் (அரிய சொல்லுக்கு அதிக எடை தரும் சொல் கணக்கு), அவற்றின் மேல் ஓர் எஸ்.வி.எம். (இரு வகையாகப் பிரிக்கப் பழகும் கணிப்பு முறை). பிடித்தவை நேர்மறை, மற்றவை எதிர்மறை. மடிக்கணினியிலேயே ஓடும். நீங்கள் வேண்டாம் என்று ஒதுக்கியவற்றுக்குக் கூடுதல் எடை கொடுங்கள், அவ்வளவுதான். ஸ்பெக்டர் வெக்டர்களையே உள்ளீடாகத் தரலாம். சராசரியை மட்டும் தூக்கி எறியுங்கள்.

இன்னொரு கருவி உங்கள் கையிலேயே இருக்கிறது. நேற்று வெளியான கட்டுரையை யாரும் மேற்கோள் காட்டியிருக்க மாட்டார்கள், படித்தவர்களும் இருக்க மாட்டார்கள். இதை வாங்கியவர்கள் அதையும் வாங்கினார்கள் என்கிற விற்பனைத் தள உத்தி இங்கே செல்லாததற்குக் காரணம் அது. ஆனால் அந்தக் கட்டுரை யாரை மேற்கோள் காட்டுகிறது என்பது முதல் நாளே தெரியும். மேற்கோள் பட்டியல்கள் எவ்வளவு பொதுவாக இருக்கின்றன என்று பார்த்து இரண்டு கட்டுரைகளை இணைக்கும் யோசனையை கெஸ்லர் 1963-இல் வெளியிட்டார். அதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். எல்லோரும் மேற்கோள் காட்டும் மீளாய்வுக் கட்டுரைக்கு எடை குறைவாகவும், நாலு பேர் மட்டும் காட்டுவதற்கு அதிகமாகவும் இருக்கட்டும். சொற்களுக்கு கேரன் ஸ்பார்க் ஜோன்ஸ் 1972-இல் சொன்ன அதே தர்க்கம். இதழ்க் கட்டுரைகளின் மேற்கோள் பட்டியல் பெரும்பாலும் செமான்டிக் ஸ்காலர் என்ற கட்டுரைத் தேடல் தளத்தின் நிரலிடைமுகத்தில் கிடைக்கும். முன்னச்சுகளுக்கு குரோபிட் என்ற மென்பொருளைக் கொண்டு பிடிஎஃபிலிருந்து உருவிக்கொள்ளலாம்.

மொழி மாதிரி பற்றி: "இந்தத் தலைப்பில் புதிய கட்டுரைகளைச் சொல்" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். இல்லாத தலைப்புக்கு இல்லாத ஆசிரியர்களைச் சேர்த்து அழகாகத் தந்துவிடும். மலிவான வடிகட்டலில் தேறியவற்றின் சுருக்கத்தையும், ஆய்வாளர் எழுதிய கேள்வியையும் கொடுத்து, பொருந்துமா பொருந்தாதா, சுருக்கத்தில் எந்த வாக்கியத்தால் என்று கேளுங்கள். அந்த வாக்கியம் உண்மையில் சுருக்கத்தில் இருக்கிறதா என்பதை நிரல் சரிபார்க்கட்டும். மின்னஞ்சலில் கட்டுரைக்குக் கீழே அதையே காரணமாகப் போடுங்கள். காரணம் எழுதாத பரிந்துரையை நான் படிப்பதில்லை.

மின்கலன்

மிக்க நன்றி. இரண்டு ஐயங்கள். இது தேறியதா இல்லையா என்பதை எப்படி அளப்பது? யார் எந்த இணைப்பைச் சொடுக்கினார்கள் என்ற பதிவு என்னிடம் இருக்கிறது, அது போதுமா? அடுத்தது, எங்கள் இதழ்களில் பாதிக்கு கிராஸ்ரெஃபில் சுருக்கமே வருவதில்லை. அவற்றை இப்போதைக்கு விட்டுவிடுகிறேன்.

பட்டியல்காரி

விட்டுவிடுகிறீர்களா! விரிசல் கட்டுரை காணாமல் போனதற்கு அதுவே காரணமாக இருக்கலாம், முதலில் போய்ப் பாருங்கள். சில பெரிய பதிப்பகங்கள் சுருக்கங்களைத் திறந்த தரவாகத் தருவதில்லை. திறந்து தரச்சொல்லி 2020-இல் ஓர் இயக்கமே தொடங்க வேண்டியிருந்தது. ஓப்பன்அலெக்ஸ் என்ற திறந்த கட்டுரைத் தரவுத்தளத்தில் கிடைப்பவைகூடச் சொற்களைக் கலைத்துப்போட்ட அட்டவணையாகத்தான் இருக்கும். நீங்கள்தான் கோத்துக்கொள்ள வேண்டும். சுருக்கம் இல்லாததை ஓசையின்றி ஒதுக்கும் நிரல், முன்னச்சு போடுகிறவர்கள் மட்டுமே ஆராய்ச்சி செய்கிறார்கள் என்று உங்கள் குழுவுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறது. தலைப்பையும் மேற்கோள் பட்டியலையும் மட்டும் வைத்து மதிப்பிடுங்கள். மின்னஞ்சலின் அடியில் "சுருக்கம் கிடைக்காமல் போனவை" என்று தலைப்புகளை வரிசையாகப் போட்டுவிடுங்கள். மனிதக் கண் ஒரு நிமிடத்தில் அதை மேய்ந்துவிடும்.

சொடுக்குகளை நம்பாதீர்கள். ஆர்க்கைவின் அன்றாடப் பட்டியலில் மேல் இடங்களில் வந்த கட்டுரைகள் பின்னாளில் அதிகம் மேற்கோள் பெறுகின்றன என்று டீட்ரிக் 2008-இலும், ஹக்கும் கின்ஸ்பார்கும் 2009-இலும் காட்டினார்கள். 1991-இல் ஆர்க்கைவைத் தொடங்கிய அதே கின்ஸ்பார்க். தங்கள் சரக்கு நல்லது என்று தெரிந்தவர்கள் மேலிடத்தைப் பிடிக்க நேரம் பார்த்து அனுப்புகிறார்கள் என்பது ஒரு பகுதி விளக்கம்; தற்செயலாக மேலே போய் உட்கார்ந்தவற்றுக்கும் ஆதாயம் இருந்தது. துறை வல்லுநர்களே இப்படி என்றால், உங்கள் பட்டியலின் முதல் இணைப்பைச் சொடுக்கியதில் என்ன தெரிந்துவிடும்? முதலில் இருந்தது, சொடுக்கினார். அந்தப் பதிவைக் கொண்டே மாதிரியைப் பயிற்றுவித்தால் உங்கள் வரிசைப்படுத்தலை அதற்கே திருப்பிப் பாடமாகச் சொல்லிக்கொடுக்கிறீர்கள். அளந்தே தீர வேண்டுமானால் ஐந்தின் வரிசையையும் ஒவ்வொரு முறையும் குலுக்கிப்போடுங்கள்.

எல்லோரும் செய்கிற இன்னொரு சோதனை உண்டு. குழு கடைசியாக வெளியிட்ட கட்டுரையின் மேற்கோள் பட்டியலை மறைத்துவைத்து, அவற்றை நிரல் கண்டுபிடிக்கிறதா என்று பார்ப்பார்கள். தவறில்லை. ஆனால் அந்தப் பட்டியலில் இருப்பவை நிரல் இல்லாமலே உங்களுக்குக் கிடைத்தவை. நீங்கள் வேறொரு பட்டியல் தயாரியுங்கள்: கண்ணில் தாமதமாகப் பட்டவை. மதிப்பீட்டாளர் சொல்லித் தெரிந்தவை, மாநாட்டில் யாரோ சொன்னவை, சோதனை முடிந்தபின் கிடைத்து வயிற்றெரிச்சல் கிளப்பியவை. ஒவ்வொருவரிடமும் மூன்று நான்காவது இருக்கும். ஒன்றும் விட்டுப்போகாமல் நினைவில் வைத்திருப்பார்கள். அவை வெளியான வாரத்துக்கு நிரலைப் பின்னோக்கி ஓட்டிப் பாருங்கள். எத்தனை பிடிபடுகின்றன? அந்த எண்ணைத் தவிர வேறு எதையும் நான் கேட்க மாட்டேன்.

இப்போது விரிசல். டான் ஸ்வான்சன் என்ற நூலகவியல் பேராசிரியர் 1986-இல் ஒரு வேலை செய்தார். ரேனோ நோயாளிகளின் (குளிரில் விரல்களுக்கு இரத்த ஓட்டம் குறையும் நோய்) இரத்தம் கூடுதலாகப் பிசுபிசுக்கிறது என்று ஒரு தொகுதிக் கட்டுரைகள் சொல்லின. மீன் எண்ணெய் இரத்தத்தின் பிசுபிசுப்பைக் குறைக்கிறது என்று இன்னொரு தொகுதி சொல்லியது. இரண்டு கூட்டமும் ஒன்றையொன்று ஏறத்தாழ மேற்கோள் காட்டவே இல்லை. இரண்டையும் பக்கத்தில் வைத்து, மீன் எண்ணெய் அந்த நோய்க்கு உதவக்கூடும் என்று சொன்னார் ஸ்வான்சன். அவர் மருத்துவர் அல்லர்.

உங்கள் நிலைமையும் அதுவே. லித்தியம் பீங்கானுக்குள் ஊடுருவுவதை நீங்கள் மின்வேதியியலாகப் பார்க்கிறீர்கள். நொறுங்கும் பொருளில் விரிசல் எப்போது ஓடும் என்பதை கிரிஃபித் 1921-இல் கண்ணாடியை வைத்தே எழுதிவிட்டார். அன்றிலிருந்து அவர்களுக்கு ஒரு தனி இலக்கியம், தனிச் சொற்கள், தனி இதழ்கள். அங்கே எழுதப்படும் சுருக்கத்தில் மின்கலம் என்ற சொல்லே இருக்காது. சொல் ஒற்றுமையும் உதவாது, நிரலன் சொன்ன மேற்கோள் ஒற்றுமையும் உதவாது. ஸ்பெக்டர் மேற்கோள்களிலிருந்து பயின்ற மாதிரி. யாரும் போடாத பாலத்தை அதுவும் போடாது. நெருக்கத்தைத் தேடும் எந்த நிரலாலும் இது ஆகாத காரியம். ஆகவே கையால் செய்யுங்கள். நேர்காணலில் ஒரு கேள்வியைச் சேருங்கள்: "உங்கள் சிக்கல் வேறு யாருக்கு, வேறு பெயரில் இருக்கிறது?" வரும் பதிலிலிருந்து அந்தத் துறையின் நல்ல கட்டுரைகள் மூன்று நான்கை விதையாக எடுத்துத் தனிப் புரொஃபைல் போடுங்கள். ஐந்தில் ஓர் இடம் அதற்கே. மற்ற நாலும் எவ்வளவு நன்றாக இருந்தாலும் அந்த ஓர் இடத்தைத் தொடக் கூடாது.

நுண்ணுயிர்

அம்மா சொன்னதற்கு எதிராக ஒன்றும் இல்லை; என் பூலியன் கோவையை நான் விடப்போவதும் இல்லை. ஒன்று மட்டும்: விதைக் கட்டுரைகளில் திரும்பப் பெறப்பட்டவை இருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ரிட்ராக்‌ஷன் வாட்ச் தரவுத்தளத்தை 2023-இல் கிராஸ்ரெஃப் வாங்கி எல்லோருக்கும் திறந்துவிட்டது. சோட்டெரோவும் சேகரிப்பில் இருப்பதைக் கண்டால் எச்சரிக்கும். திரும்பப் பெறப்பட்ட ஒன்றை விதையாக வைத்தால் அதே கோஷ்டியின் மற்றக் கட்டுரைகளும் வரிசையாக வரும், அனுபவம்.

மின்கலன்

நேர்காணல்களைத் தொடங்கிவிட்டேன். அம்மா சொன்னதுபோலவே, துறையைக் கேட்டபோது சொற்பொழிவு, சிக்கலைக் கேட்டபோது இரண்டு வரி. கார்னெட் பார்க்கும் மாணவி "தூய லித்தியத்தின் இயந்திர வலிமை பற்றி அளந்தவை மட்டும் வேண்டும், மற்ற எதுவும் வேண்டாம்" என்று எழுதித் தந்தார். அவரது சோட்டெரோவில் அது பற்றி ஒன்றுமே இல்லை! நிரல் அவருக்கு அதை ஒருபோதும் அனுப்பியிருக்காது. தாமதமாகக் கிடைத்தவற்றின் பட்டியலும் சேர்கிறது. பழைய நிரலைப் பின்னோக்கி ஓட்டியதில், சேர்ந்தவரை ஒன்றுகூடப் பிடிபடவில்லை. விரிசல் கட்டுரைக்குச் சுருக்கமும் இல்லைதான்.

பேராசிரியரிடம்தான் மாட்டிக்கொண்டேன். எத்தனை விதமாகக் கேட்டாலும் "எல்லாம் வேண்டும்" என்கிறார்.

பட்டியல்காரி

அவருக்குப் புரொஃபைல் எழுதாதீர்கள். அந்த வயதிலும் பதவியிலும் இருப்பவர்கள் கட்டுரைகளைத் தேடுவதில்லை, ஆட்களைக் கவனிக்கிறார்கள். "யார் எதை வெளியிட்டால் உங்களுக்கு அன்றே தெரிய வேண்டும்?" என்று கேளுங்கள், தயங்காமல் பெயர்களைச் சொல்வார். போட்டியாளர்கள் முதலில் வருவார்கள், பழைய மாணவர்கள் பின்னால். அந்தப் பெயர்களுக்கு ஆசிரியர் எச்சரிக்கை போட்டுவிடுங்கள். பெயரை மட்டும் வைத்துப் போட்டால் ஒரே பெயரில் இருக்கும் ஊர்ப்பட்ட பேரும் வந்து விழுவார்கள். ஓர்க்கிட் எண் (ஆய்வாளர் ஒவ்வொருவருக்குமான தனி அடையாள எண்) இருந்தால் அதைக் கொண்டு போடுங்கள். எண் இல்லாதவருக்குப் பெயரோடு அவருடைய வழக்கமான கூட்டாசிரியர் ஒருவரையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.